முன்னிரண்டு சில்லுகள்

பழைய கார் ஒன்றின் முன் சில்லுகளில் இருந்த டிறம் பிறேக்கைக் கழற்றிவிட்டு டிஸ்க் பிறேக் பூட்டியதைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கக்கூடும். வேலை நான்கு நாட்களில் முடிந்தது. அதற்கு முந்திய பேச்சுவார்த்தை ஒன்றரை வருடம் நடந்தது. எங்கள் வீட்டில் அவ்வளவு நீளமாக வேறெதுவும் விவாதிக்கப்பட்டதில்லை. வெளிநாடு போவதா வேண்டாமா என்பதுகூட ஓர் இரவிலேயே தீர்மானிக்கப்பட்டது. ஆகவே எழுதுகிறோம். எழுதுகிறோம் என்றால் சகோதரர்கள் நால்வரும். இருவர் சுன்னாகத்தில், ஒருவர் இலண்டனில், ஒருவர் கொழும்பில். ஒருவர் எழுதியதை மற்றவர் வெட்டித் திருத்தியதால் நடையில் ஒட்டுப்போட்ட இடங்கள் தெரியலாம்.

காரின் பெயர் மொறிஸ் மைனர் 1000. 1966ஆம் ஆண்டுத் தயாரிப்பு, 1098 சிசி இயந்திரம். பின்னாளில் மினி காரை வடிவமைத்துப் புகழ்பெற்ற அலெக் இஸிகோனிஸ்தான் இதையும் வடிவமைத்தவர். 1948இல் வெளிவந்து 1971 வரை பதினாறு இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. இங்கிலாந்தில் இது மருத்துவிச்சிகளும் பாதிரிமாரும் ஓட்டிய கார். இலங்கையில் அது குடும்பக் காராகவும் வாடகைக் காராகவும் மாறிப் பல தசாப்தங்கள் உழைத்தது. 1990களில் மொறிஸ் மைனருக்கான உதிரிப்பாகங்களைத் தென்னிலங்கையில் செய்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள். தாய்நாட்டில் வழக்கொழிந்த சொல்லை ஈழத்தவர் பேச்சில் கண்டெடுப்பதுபோல என்று கொழும்பில் இருப்பவர் இந்த இடத்தில் ஓர் உவமை சேர்க்கச் சொன்னார். சேர்த்திருக்கிறோம்.

அப்பா அதை 1974இல் இரண்டாம் கையாக வாங்கினார். சுன்னாகம் சந்தையடியில் வாடகைக்கு ஓடியது. எங்கள் நால்வரின் பள்ளிப் படிப்பும், மூத்தவளின் திருமணமும், ஒருவரின் விமானச் சீட்டும் அந்தக் காரின் உழைப்பில் வந்தவை. அதன் மீது கை வைப்பது எளிதான காரியம் அல்ல என்பதை விளங்கிக்கொள்ள இது போதும்.

டிறம் பிறேக் என்றால் என்ன என்பதைச் சற்று விரித்தே சொல்லவேண்டும். சில்லோடு சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்புக் கிண்ணம் ஒன்று. மைனரின் 1098 சிசி வகையில் முன்னால் எட்டு அங்குல விட்டம், பின்னால் ஏழு அங்குலம். கிண்ணத்துக்குள்ளே பிறை வடிவில் இரண்டு சூக்கள். அவற்றின் முதுகில் உராய்வுக்கான லைனிங். பெடலை மிதித்தால் எண்ணெய் அழுத்தம் சூக்களை வெளிநோக்கித் தள்ளி, சுழலும் கிண்ணத்தின் உட்சுவரில் அழுத்துகிறது. இதில் ஒரு நுட்பம் உண்டு. சூ எந்த முனையில் தள்ளப்படுகிறது, கிண்ணம் எந்தப் பக்கம் சுழல்கிறது என்பதைப் பொறுத்து, சுழற்சியே சூவை இன்னும் இறுக்கமாகச் சுவருக்குள் இழுத்துக்கொள்ளும். ஓட்டுபவர் கொடுத்த பலத்தைச் சில்லு தானே பெருக்கித் தருகிறது. மைனரின் முன் சில்லுகளில் இரண்டு சூக்களுமே இப்படி இழுபடும்படி அமைக்கப்பட்டிருப்பதால், வேறு எந்த உதவியும் இல்லாமல், முக்கால் தொன்னுக்குச் சற்று மேற்பட்ட வண்டியை ஒரு காலால் நிறுத்த முடிந்தது. பின்னோக்கிப் போகும்போது இந்த உதவி தலைகீழாகிவிடும் என்பது வேறு கதை. ஒழுங்கையில் பின்பக்கமாக எடுக்கும்போது அப்பா கைபிறேக்கில் கை வைத்திருந்ததன் காரணம் அதுதான்.

பெருக்கித் தரும் பொறி பிழையையும் பெருக்கித் தரும். ஒரு பக்க லைனிங்கில் சிறிது கிறீஸ் பட்டிருந்தாலோ, ஈரம் ஏறியிருந்தாலோ, ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிடச் சற்றுத் தளர்வாகத் திருப்பப்பட்டிருந்தாலோ, அந்தச் சிறு வித்தியாசம் பெரிதாகி வண்டி ஒரு பக்கம் இழுக்கும். மிதித்த உடனே எந்தப் பக்கம் இழுக்கும் என்பது அன்றன்றைய காலநிலையையும் அதற்கு முதல்நாள் ஓடிய பாதையையும் பொறுத்தது. அப்பாவுக்கு அது தெரிந்திருந்தது. காலையில் வீட்டு வாசலால் இறங்கும்போது ஒருமுறை மெதுவாக மிதிப்பார். ஸ்ரியறிங் கையில் என்ன சொல்கிறது என்று பார்ப்பார். வெள்ளம் தேங்கிய இடத்தைத் தாண்டியதும் இடது காலால் பிறேக்கை மெல்ல அழுத்தியபடியே சிறிது தூரம் ஓட்டி லைனிங்கைக் காயவைப்பார். சந்திக்கு வெகு முன்னரே காலை எடுத்து, கியரைக் குறைத்து, கடைசியில் இரண்டு முறை மிதிப்பார். முதல் மிதி சூக்களைச் சுவரண்டை கொண்டுவர, இரண்டாவது நிறுத்த. ஐம்பது வருடங்களாக அவர் செய்தது இதுதான். பிறேக்கின் பாதி காரிலும் மீதி அவருடைய வலது காலிலும் இருந்தது எனலாம்.

1990இல் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், பற்றரி, சீமெந்து எல்லாம் ஒவ்வொன்றாக அரிதாகின. யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை அந்தக் காலத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சிறு போத்தலில் வைத்திருந்த பெற்றோலைக் காபுரேற்றருக்குள் சில துளி விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். இன்றைய காருக்கு இதைச் செய்ய முடியாது. அழுத்த விகிதம் குறைந்த அந்தப் பழைய இயந்திரங்கள் இருமியபடியும் புகைத்தபடியும் ஏற்றுக்கொண்டன. வேகம் என்று ஒன்று இருக்கவில்லை. வீதிகள் குண்டும் குழியுமாக இருந்தன. அப்படியான ஐந்து வருடத்தில் பிறேக் என்பது பெரும்பாலும் மிதிக்கப்படாமலே கிடந்தது. லைனிங் தேய்ந்தபோது புதிய சூ கிடைக்கவில்லை. லொறியின் பழைய லைனிங்கை வாளால் அறுத்து, அரத்தால் ராவி, செம்பு ஆணியால் தறைந்து பூட்டினார்கள். அந்தத் தூளை வாயால் ஊதினார்கள். அது கல்நார்த் தூள் என்பதையும் அது நுரையீரலை என்ன செய்யும் என்பதையும் அன்று சந்தையடியில் யாரும் பேசியதில்லை.

1995 ஒக்ரோபர் 30 பற்றி இங்கே விரிவாக எழுதப்போவதில்லை. எழுதியவர்கள் பலர், எங்களைவிட நன்றாக எழுதியிருக்கிறார்கள். வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கிக் கிளம்பியது. எங்கள் காரில் பதினொரு பேர் இருந்தார்கள். அதில் இருவர் நடக்க இயலாதவர்கள், ஒருவர் பிறந்து பதினேழு நாள். கூரையில் மூட்டைகள். பின்னேரம் ஏறியவர்கள் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டும்போது மறுநாள் விடிந்துவிட்டது. மழை பெய்துகொண்டிருந்தது. காருக்கு முன்னும் பின்னும் இருபுறமும் ஆட்கள். பம்பரில் ஒருவருடைய கால் எப்போதும் முட்டிக்கொண்டிருந்தது. ஒரு அடி நகர்வது, நிற்பது. இன்னொரு அடி, நிற்பது. சூக்கள் நனைந்திருந்தன. அந்த இரவு முழுவதும் அப்பாவின் கால் பெடலில் இருந்தது, கை கைபிறேக்கில் இருந்தது. ஒருவரிலும் முட்டவில்லை. 

இந்த விவாதத்தில் அப்பாவின் பக்கத்து முதல் சாட்சியமும் கடைசிச் சாட்சியமும் அந்த இரவுதான். "அண்டைக்கு நிண்ட கார் இண்டைக்கு நிக்காதோ?" என்பார். இதற்கு என்ன பதில் சொல்வது? அன்று கார் நடக்கும் வேகத்தில் போனது, வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்துவதற்குக் கரைக்கவேண்டிய சக்தி நான்கு மடங்காகும் என்று கணக்குச் சொல்லலாம். எங்களில் ஒருவர் சொல்லியும் பார்த்தார். அப்பா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அண்டைக்கு நீ பின் சீற்றில நித்திரை" என்றார்.

மாறியது கார் அல்ல, வீதி. யுத்தம் முடிந்தபின் ஏ9 வீதியும் காங்கேசன்துறை வீதியும் காபெற் இடப்பட்டு வழவழப்பாயின. அவற்றில் ஓடும் வாகனங்கள் எல்லாம் ஜப்பானில் இருந்தும் இந்தியாவில் இருந்தும் வந்தவை. நான்கு சில்லும் தனித்தனியே பூட்டிக்கொள்ளாதபடி கணினி பார்த்துக்கொள்ளும் பிறேக்குகள் கொண்டவை. நாம் எவ்வளவு தூரத்தில் நிற்கவேண்டும் என்பதை முன்னால் போகிறவரின் பிறேக்தான் தீர்மானிக்கிறது என்பது பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் தெரிந்த உண்மை. அப்பா முன்னால் இடைவெளி விட்டு ஓட்டினால் அந்த இடைவெளிக்குள் ஓர் ஓட்டோ வந்து புகுந்துகொள்ளும். அவர் மீண்டும் பின்வாங்கி இடைவெளி விடுவார். மீண்டும் ஒரு மோட்டார் சைக்கிள். சுன்னாகத்தில் இருந்து யாழ்ப்பாணம் போய்ச்சேரும்வரை அவர் பின்வாங்கிக்கொண்டே இருந்தார்.

இரண்டாவது காரணம் எங்களில் மூத்தவளின் மகள். அவளுக்குக் கிளிநொச்சியில் ஆசிரியை நியமனம் கிடைத்தது. திங்கட்கிழமை விடியப் போய் வெள்ளி பின்னேரம் வரவேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025இல்தான். இடைப்பட்ட காலத்தில் பத்து வருடம் ஓடிய சிறு கார்கூட ஆசிரியைச் சம்பளத்தால் எட்டமுடியாத விலைக்குப் போயிற்று. வீட்டில் நின்றது மைனர் ஒன்றுதான். 2022இன் எரிபொருள் வரிசைகள் ஓய்ந்தபின் அவள் ஓட்டக் கற்றுக்கொண்டாள். அப்பாதான் பழக்கினார். நல்ல ஆசான். ஆனால் ஐம்பது வருடக் காலை ஐந்து மாதத்தில் எப்படிக் கொடுப்பது? அவள் எல்லாரையும்போலத்தான் மிதித்தாள்: நிற்கவேண்டும் என்று தோன்றியபோது, ஒரு முறை, நம்பிக்கையோடு.

கொக்குவிலடியில் ஒரு பின்னேரம் ஒழுங்கையில் இருந்து சைக்கிளில் ஒரு சிறுவன் வெளிப்பட்டான். அவள் மிதித்தாள். கார் வலது பக்கம் இழுத்து எதிரே வந்த பஸ்ஸின் வழியில் போய்க் குறுக்காக நின்றது. பஸ் ஓட்டுநர் நின்றார். (அவருடைய பிறேக் புதியது.) யாருக்கும் எதுவும் நேரவில்லை. சிறுவன் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான். அன்றிரவு சில்லைக் கழற்றிப் பார்த்தபோது இடது முன் சில்லின் எண்ணெய் உருளையில் றப்பர் வளையம் கசிந்து லைனிங் ஒருபுறம் நனைந்திருந்தது. இடது பிடிக்கவில்லை, வலது தன் பலத்தைப் பெருக்கிக்கொண்டு பிடித்திருக்கிறது. அப்பா சொன்னது: "காலமை இறங்கேக்க ஒருக்கா மிதிச்சுப் பாத்திருந்தால் தெரிஞ்சிருக்கும்." அது உண்மை. அதுதான் எங்களைப் பயமுறுத்தியது.

இந்த இடத்தில் டிஸ்க் பிறேக்குக்காகக் கொஞ்சம் வாதாட வேண்டும், நேர்மையாக. சில்லோடு ஒரு வட்டத் தகடு சுழல்கிறது. அதை இரு பக்கமும் இருந்து குறடு போன்ற கலிப்பர் ஒன்று பிடிக்கிறது. அவ்வளவுதான். காப்புரிமை 1902இலேயே, பேர்மிங்காமில், பிரெடெரிக் லான்செஸ்டர் பெற்றுவிட்டார். ஆனால் உலகம் அதைக் கவனித்தது 1953இல், லு மான்ஸ் இருபத்துநான்கு மணிநேரப் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பிறேக் பூட்டிய ஜகுவார் வென்றபோது. மற்றவர்கள் வளைவுக்கு வெகு முன்னால் மிதிக்கத் தொடங்கவேண்டியிருந்தது. ஜகுவார் இன்னும் சிறிது தூரம் வேகத்தோடு போயிற்று. டிறம் சூடாகும்போது கிண்ணம் விரிந்து சூவை விட்டு விலகும், லைனிங்கும் வழுக்கத் தொடங்கும். தகடு திறந்த காற்றில் இருப்பதால் விரைவில் ஆறும். விரிந்தாலும் பிடியை நோக்கித்தான் விரியும்.

அப்பா இதைக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "யாழ்ப்பாணத்தில மலை எங்க இருக்கு?" பொருத்தமான கேள்வி. கடுகண்ணாவையில் இறங்குகிறவனுக்கு டிறம் சூடேறிப் பிறேக் மங்குவது உயிர்ப் பிரச்சினை. சுன்னாகத்தில் இருந்து கிளிநொச்சிக்கு வீதி பலகைபோலத் தட்டையானது. இன்னொன்றையும் ஒப்புக்கொள்ளவேண்டும். ஒரேயொரு முறை அவசரமாக நிறுத்துவதற்கு, நல்ல நிலையில் இருக்கும் டிறம் பிறேக் போதும். சில்லைப் பூட்டிவிடும் அளவுக்குப் பலம் அதற்கு உண்டு. அதற்கு மேல் நிறுத்துவது ரயரும் வீதியும்தான். டிஸ்க் பூட்டினால் கார் பாதித் தூரத்தில் நிற்கும் என்று சொல்லுகிற விற்பனைக்காரரை நம்பவேண்டாம். எங்களுக்குத் தேவைப்பட்டது பலம் அல்ல, சமம். தகட்டுப் பிறேக்கில் சுழற்சி பலத்தைப் பெருக்குவதில்லை. ஆகவே இடத்துக்கும் வலத்துக்கும் இடையிலான சிறு வித்தியாசம் சிறு வித்தியாசமாகவே இருக்கும். நனைந்தால் ஓரிரு சுற்றில் தகடு நீரை உதறிவிடும். தேயத் தேயக் கலிப்பர் தானே முன்னால் நகர்ந்துகொள்ளும், திருப்பாணியால் இறுக்கத் தேவையில்லை. மிதிக்குமுன் எதுவும் அறிந்திருக்க வேண்டிய அவசியமில்லாத பிறேக் அது. இதைச் சொன்னபோது அப்பா அமைதியாக இருந்தார். பிறகு, "அப்ப எனக்குத் தெரிஞ்சது ஒண்டும் இனித் தேவையில்லை எண்டுறியள்" என்றார். நாங்கள் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அப்படிச் சொல்லவில்லை என்று நிறுவவும் எங்களால் முடியவில்லை. அதன்பின் இரண்டு மாதம் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

கொழும்பில் பழைய கார்கள் சேர்ப்பவர்கள் வேறு விதமாக எதிர்த்தார்கள். அசல் தன்மை போய்விடும் என்றார்கள். ஆணியின் தலைகூட 1966இல் இருந்ததுபோல இருக்கவேண்டும் என்று நம்புகிறவர்கள் அவர்கள். அந்த நம்பிக்கையை நாங்கள் கேலி செய்யவில்லை. நூதனசாலையில் வைக்கும் பொருளுக்கு அது வேண்டும். ஆனால் லொறி லைனிங்கை அறுத்துப் பூட்டி, மண்ணெண்ணெயில் ஓடி, ஷெல் துண்டு துளைத்த பின்கதவுக்குத் தகரம் ஒட்டி, மூன்று முறை நிறம் மாறிய காரில் எந்த வருடத்தை அசல் என்று எடுப்பது?

மாற்றுத் தொகுதி இங்கிலாந்தில் இருந்து வந்தது. இலண்டனில் இருப்பவர் 2023 ஆகஸ்ட் விடுமுறைக்கு வந்தபோது பொதியில் உடுப்பைக் குறைத்து இரும்பைக் கொண்டுவந்தார். விமான நிலையத்தில் பிறேக் தகடுகளை எடுத்துக் காட்டி விளக்கவேண்டியதாயிற்று. மைனருக்கு டிஸ்க் பூட்டுவது அங்கே பல தசாப்தப் பழக்கம். அதன் தொடக்கத்தில் ஒரு வேடிக்கை உண்டு. 1971இல் மொறிஸ் மரீனா என்றொரு கார் வந்தது. புதிய கார் என்று சொல்லப்பட்டாலும் அதன் முன்பக்கச் சில்லுத்தாங்கி அமைப்பு மைனரில் இருந்து எடுத்தது. பிரித்தானியர் தங்களுடைய மோசமான கார்களைப் பட்டியலிடும்போது மரீனாவை மறப்பதில்லை. அதில் டிஸ்க் பிறேக் இருந்தது. மைனர்காரர்கள் பழைய இரும்புக் கிடங்குகளுக்குப் போய் மரீனாவின் முன்பக்கத்தைக் கழற்றிவந்து தங்கள் காரில் பூட்டினார்கள். பிள்ளையின் உறுப்பைத் தாய்க்குப் பொருத்தியதுபோல. மரீனாக்கள் தீர்ந்தபின் சிறு பட்டறைகள் இதற்கென்றே தொகுதிகள் செய்யத் தொடங்கின. நாங்கள் வாங்கியது மைனரின் பழைய 14 அங்குலச் சில்லே பொருந்தும்படி செய்தது.

பூட்டியவர் எங்களூர் மெக்கானிக் அண்ணை. உழவு இயந்திரமும் லொறியும் பார்த்துப் பழகியவர். தொகுதியோடு வந்த தாளைப் புரட்டிவிட்டு மடித்து வைத்தார். பழைய கிண்ணம், சூ, பின்தகடு எல்லாம் கழன்றன. பின்தகடு இருந்த துளைகளிலேயே கலிப்பரைத் தாங்கும் துண்டு உட்கார்ந்தது. பெயாரிங்குக்குக் கிறீஸ் வைத்து, தகட்டைப் பூட்டி, சுழற்றிப் பார்த்தார். இவ்வளவும் ஒரு நாள். மிச்ச நாட்கள் மாஸ்ரர் சிலிண்டரில் போயின. மைனரில் அதை வைத்திருக்கும் இடம் இஸிகோனிஸை மன்னிக்கமுடியாத இடம். ஓட்டுநரின் காலடியில், தரைக்குக் கீழே, சட்டத்தின் வயிற்றுக்குள். எண்ணெய் விடுவதற்கே கம்பளத்தைத் தூக்கித் தரையில் உள்ள மூடியைத் திறக்கவேண்டும். கழற்றப்போனால் முறுக்குத்தண்டு குறுக்கே நிற்கும். ஆனாலும் கழற்றியே ஆகவேண்டும் என்றார் அண்ணை. அதற்குள்ளே ஒரு சிறு வால்வு இருக்கிறது. பெடலை விட்டபின்னும் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தை அது பிடித்து வைத்திருக்கும். டிறம் பிறேக்கில் சூக்களை இழுத்துப் பின்வாங்கும் சுருள்வில் இருப்பதால் அந்த மிச்ச அழுத்தம் தொந்தரவு செய்யாது. டிஸ்க்கில் வில் கிடையாது. வால்வு இருந்தால் தகட்டைப் பிடித்தது பிடித்தபடியே இருக்கும்; வீதியில் இரண்டு மைல் போவதற்குள் சில்லு கொதிக்கும். அவர் அந்த வால்வை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். ஒரு புளியங்கொட்டை அளவு.

பின் இரண்டு சில்லுகளிலும் டிறம் அப்படியே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. மிதிக்கும்போது காரின் பாரம் முன்னால் சாய்வதால் பெரும்பகுதி வேலை முன் சில்லுகளுடையது. கைபிறேக்கும் பின் டிறத்தில்தான் தொங்குகிறது. இதை அப்பாவிடம் முதலில் சொன்னவள் பேத்தி. "பின்னாலை ரெண்டும் உங்கடதான் அம்மப்பா" என்றாள். அவர் சிரித்தாரா என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு.

காற்று எடுக்கும் வேலைக்கு ஒருவர் உள்ளே இருந்து பெடல் மிதிக்கவேண்டும். குழாயில் காற்றுக்குமிழ் இருந்தால் பெடல் பஞ்சுபோல அமுங்கும். எண்ணெய் அமுங்காது, காற்று அமுங்கும். அண்ணை வெளியே திருப்பாணியைத் திறந்து மூடுவார், உள்ளே இருப்பவர் அழுத்தி விடவேண்டும். எங்களில் இருவர் முயன்றோம். அண்ணைக்குத் திருப்தியில்லை. வேப்பமர நிழலில் கதிரையில் இருந்த அப்பாவைப் பார்த்து, "அண்ணை, ஒருக்கா வாறீங்களோ" என்றார். எண்பத்திரண்டு வயது. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி இருந்தார். அரை மணித்தியாலம் இருவரும் எங்களுக்கு விளங்காத மொழியில் கதைத்தார்கள். "அழுத்துங்கோ." "இருக்கு." "இப்ப?" "இன்னும் இருக்கு. வலப்பக்கம்." வலப்பக்கத்துக் குழாயில் இருந்து ஊசிமுனை அளவில் ஒரு குமிழ் வந்து போத்தலுக்குள் வெடித்தது. வெறுங்காலால் அவர் அதை உணர்ந்திருந்தார்.

முதல் ஓட்டத்தில் கார் நேராக நின்றது. கையை ஸ்ரியறிங்கில் இருந்து எடுத்துவிட்டு மிதித்தாலும் நேராக நின்றது. ஆனால் பெடல் கல்லாக இருந்தது. சுழற்சி தந்த இலவசப் பலம் போய்விட்டதல்லவா. இனி முழுவதும் காலே கொடுக்கவேண்டும். பேத்தி மெலிந்தவள். அப்பாவுக்கு முழங்கால் வருத்தம். ஆகவே பொனற்றுக்குள் ஒரு சேர்வோ பூட்டப்பட்டது: இயந்திரம் காற்றை உறிஞ்சும் வழியில் ஒரு துளையிட்டு, அந்த வெற்றிட இழுவையைக் கொண்டு காலுக்குத் துணைசெய்யும் உருண்டைப் பெட்டி. இயந்திரம் நின்றுவிட்டால் அதன் துணையும் நின்றுவிடும். மண்ணெண்ணெய்க் காலத்தில் நாளைக்கு நான்கு தரம் இயந்திரம் நின்றுபோன காரில் இதை யாரும் பூட்டத் துணிந்திருக்க மாட்டார்கள்.

இன்னும் முடியாத ஒன்று இருக்கிறது. மைனரின் பிறேக்குக்கு ஒரேயொரு எண்ணெய்ச் சுற்றுத்தான். நான்கு சில்லில் எங்கே குழாய் வெடித்தாலும் நான்கும் போய்விடும். டிஸ்க் பூட்டியதால் இது மாறவில்லை. முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிச் சுற்று வேண்டுமென்றால் மாஸ்ரர் சிலிண்டரை இரட்டையாக்கவேண்டும், அதற்கு இடம் தேடவேண்டும். அண்ணை அதற்குத் தரையை வெட்டவேண்டிவரும் என்கிறார். கொழும்பில் இருப்பவர் வெட்டலாம் என்கிறார். மூத்தவள் வேண்டாம் என்கிறாள். தற்போதைக்குக் குழாய்கள் அனைத்தும் புதிதாக மாற்றப்பட்டிருக்கின்றன, கைபிறேக் கம்பியும்.

அப்பா இப்போது ஓட்டுவதில்லை. கண் மருத்துவர் சொன்னதன் பேரில் சென்ற வருடம் விட்டுவிட்டார். பிறேக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பேத்தியோடு முன் சீற்றில் இருந்து போகும்போது சந்திகளில் அவருடைய வலது கால் தரையை இரண்டு முறை அழுத்தும்.

பின் டிறங்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை இறுக்கவேண்டும். அந்த வேலையை அவர் மெக்கானிக்கிடம் விடுவதில்லை. ஜக் வைத்துத் தூக்கிய காரின் அருகே கதிரையைப் போட்டு இருப்பார். அவள் திருப்பாணிக் கருவியோடு சில்லின் துளை வழியே தேடித் திருப்புவாள், சில்லைக் கையால் சுழற்றுவாள். சூ சுவரில் உரசும் மெல்லிய சத்தம் வரவேண்டும், ஆனால் சில்லு தடைப்படக் கூடாது. சென்ற முறை அவள் சுழற்றிவிட்டுச் "சரியோ" என்று கேட்டாள். அவர் தலையைச் சரித்துக் கேட்டார். "ஒரு பல்லுப் பின்னுக்கு எடு" என்றார்.